ஒரே வளவுக்குள்ள ரெண்டு வீடு: விண்டோஸ அழிக்காம பக்கத்துலயே லினக்ஸ் மின்ட் போடுத முழு வழிகாட்டி

2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு வழக்கமான சப்போர்ட் முடிஞ்சிட்டு. அதுக்கு அப்புறம் பாளையங்கோட்டைல எங்க தெருவுல மட்டும் எத்தன பேரு லேப்டாப்ப தூக்கிட்டு வந்து "இத வந்த விலைக்கு குடுத்துரலாமாண்ணே"ன்னு கேட்டாங்கன்னு கணக்கே இல்ல. ஐ3 அஞ்சாம் ஜெனரேஷன், ஆறாம் ஜெனரேஷன் மெஷின், கீபோர்டு நல்லா இருக்கு, டிஸ்ப்ளே நல்லா இருக்கு, ஆனா விண்டோஸ் 11 முறையா ஏறணும்னா இன்டெல்ல எட்டாம் ஜெனரேஷனாவது வேணும், டிபிஎம் 2.0-ங்க பாதுகாப்பு சிப் வேணும். அதுக்காக நல்லா ஓடுத மெஷின பழைய இரும்புக்கு போடணுமா? போட வேண்டாம்.

அதுக்காக விண்டோஸ மொத்தமா அழிச்சிரவும் வேண்டாம். கடைக்கணக்கு டேலில கெடக்கும், டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் பெரும்பாலும் விண்டோஸ்லதான் ஒழுங்கா வேல செய்யும், பழைய பாமினி ஃபாண்ட்ல அடிச்ச பத்திரம், நோட்டீஸ் எல்லாம் அங்கதான் இருக்கும். நான் சொல்லுதது என்னன்னா விண்டோஸ் அந்த வேலைக்கு மட்டும் இருக்கட்டும், நெட்ல சுத்துதது, பேங்க் வேல, பிள்ளைங்க படிப்பு எல்லாத்துக்கும் பக்கத்துல, விண்டோஸ் மாதிரியே மெஷின ஓட்டுத இன்னொரு சிஸ்டமான லினக்ஸ் மின்ட் போட்டுக்கிடுங்க. மின்ட் 22 வரிசை உபுண்டுங்க இன்னொரு லினக்ஸோட 24.04 பதிப்பு மேல கட்டுனது, 2029 வரைக்கும் அப்டேட் வரும், காசு ஒண்ணும் கெடையாது.

நம்ம ஊருக்கு இது புதுசும் இல்ல. 2011-ல தமிழ்நாடு அரசு பிள்ளைங்களுக்கு குடுக்க ஆரம்பிச்ச விலையில்லா லேப்டாப்ல விண்டோஸும் இருந்துச்சு, மத்திய அரசோட சி-டாக் நிறுவனம் செஞ்ச பாஸ் லினக்ஸும் இருந்துச்சு, ரெண்டையும் ஒரே மெஷின்ல வச்சுதான் குடுத்தாங்க. எனக்கு தெரிஞ்ச நெறைய பேரு வாங்கின கையோட கடைல குடுத்து பாஸ எடுத்துட்டாங்க, அது என்னன்னு சொல்லிக்குடுக்க பக்கத்துல ஆளு இல்லாம போச்சுங்கதுதான் எனக்கு இப்பவும் வருத்தம்.

இன்னொண்ணும் மொதல்லயே சொல்லிருதேன். இன்ஸ்டால் பண்ணுத வேல அரை மணி நேரத்துல முடிஞ்சிரும். தப்பு நடக்குதது முக்கால்வாசி அதுக்கு முன்னாடி விண்டோஸ்ல செய்ய வேண்டியத செய்யாம விட்டதாலதான். அதனால கீழ பாதி வரைக்கும் பென்டிரைவ் பேச்சே வராது, பொறுமையா வாங்க.

நம்ம பக்கத்து வளவு வீடு தெரியும்லா? தெருவுக்கு ஒரே வாசல், உள்ள போனா அடுத்தடுத்து வீடு, அவங்கவங்க அடுப்படி அவங்கவங்களுக்கு. ஒரே மெஷின்ல ரெண்டு சிஸ்டம் வைக்குத டூயல் பூட்டும் அப்படித்தான். ஹார்ட் டிஸ்க்தான் வளவு. விண்டோஸ் ஒரு வீட்டுல, லினக்ஸ் அடுத்த வீட்டுல. புது வகை மெஷின்ல தெரு வாசல் மாதிரி ஒரு சின்ன பார்ட்டிஷன் (டிஸ்க்க பிரிச்ச ஒரு பங்கு) இருக்கும், அதுக்கு இஎஃப்ஐ பார்ட்டிஷன்னு பேரு, பெரும்பாலும் 100 எம்பியோ 260 எம்பியோதான் இருக்கும், ரெண்டு சிஸ்டமும் அது வழியாத்தான் உள்ள வரணும். வாசல்ல நின்னு "எந்த வீட்டுக்கு வந்திய?"ன்னு கேக்குத ஆளுக்கு க்ரப்னு பேரு. இத மனசுல வச்சுக்கிட்டா பின்னால வார ஸ்கிரீன் ஒண்ணும் பயமுறுத்தாது.

மெஷின் எந்த வகைன்னு பாக்குதது

ஸ்டார்ட் மெனுல 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்'னு தேடி தெறங்க. அதுல 'பயோஸ் மோட்'னு ஒரு வரி இருக்கும் (பயோஸ்னா மெஷின ஆன் பண்ணதும் மொதல்ல ஓடுத புரோகிராம்), யுஇஎஃப்ஐன்னு புது வகை போட்டிருக்கா லெகசின்னு பழைய வகை போட்டிருக்கான்னு பாத்து ஒரு தாள்ல எழுதி வச்சுக்கிடுங்க. விண்டோஸ் எந்த மோட்ல ஏறியிருக்கோ அதே மோட்லதான் லினக்ஸையும் ஏத்தணும், மாத்தி ஏத்துனா ரெண்டும் ஒண்ணையொண்ணு பாக்காது, க்ரப் மெனுல விண்டோஸ் வராது. அடுத்து 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' தெறந்து டிஸ்க் 0 மேல ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், வால்யூம்ஸ், அங்க பார்ட்டிஷன் ஸ்டைல், அதாவது டிஸ்க்ல பார்ட்டிஷன் கணக்க எழுதி வைக்குத முறை, ஜிபிடியா எம்பிஆரான்னு தெரியும், அதையும் தாள்ல எழுதிக்கிடுங்க. யுஇஎஃப்ஐன்னா ஜிபிடி இருக்கும், லெகசின்னா எம்பிஆர்.

எம்பிஆர்ல ஒரு சிக்கல் இருக்கு. அதுல மொத்தமே நாலு பிரைமரி பார்ட்டிஷன்தான் வைக்க முடியும். பழைய லேப்டாப்ல சிஸ்டம் ரிசர்வ்டு, சி, ரிக்கவரி, கம்பெனிக்காரன் டூல்ஸ்னு நாலும் ஏற்கனவே நெறஞ்சிருக்கும். அப்ப நீங்க எவ்வளவு எடம் ஒதுக்குனாலும் இன்ஸ்டாலர்ல அது 'அன்யூசபிள்'னு காட்டும். விண்டோஸ்லயே அஞ்சாவதா ஒண்ணு போடப் பாத்தா டைனமிக் டிஸ்க்கா மாத்தவான்னு கேக்கும், தயவுசெஞ்சு சரின்னு குடுத்துராதீங்க, மாத்திட்டா லினக்ஸ் இன்ஸ்டாலருக்கு அந்த டிஸ்க்க வச்சு ஒண்ணும் செய்ய முடியாது. நாலுல ஒண்ணு டேட்டா பார்ட்டிஷனா இருந்தா உள்ள இருக்கத வெளிய காப்பி பண்ணிட்டு அத அழிச்சு அந்த எடத்த லினக்ஸுக்கு குடுக்கதுதான் நல்ல வழி.

ரேம் 4 ஜிபி இருந்தா மின்ட்டோட எக்ஸ்எஃப்சிஇ எடிஷன், 8 ஜிபியோ அதுக்கு மேலயோ இருந்தா சின்னமன் எடிஷன். இன்னும் சுத்துத ஹார்ட் டிஸ்க்தான் இருக்குன்னா மொதல்ல ஒரு சாட்டா எஸ்எஸ்டி வாங்கி மாட்டுங்க, பழைய மெஷினுக்கு அதவிட பெரிய வைத்தியம் எனக்கு தெரிஞ்சு இல்ல.

பேக்கப், இத மட்டும் தாண்டாதீங்க

நான் இத கத்துக்க ஆரம்பிச்ச காலத்துல சித்தப்பா மகனோட லேப்டாப்ல உபுண்டு போட்டுக் குடுத்தேன். 'எரேஸ் டிஸ்க்'னு ஒரு ஆப்ஷன் மொதல்லயே வந்து நின்னுச்சு, லினக்ஸுக்கு ஒதுக்குன எடத்த மட்டும்தான் அழிக்கும்னு நெனச்சு நெக்ஸ்ட் குடுத்துட்டேன். அவன் ப்ராஜெக்ட் போச்சு, அத அவன் திரும்ப எழுதிட்டான். ஆனா அதுலதான் எங்க ஆச்சி பேசுன ஒரே வீடியோ இருந்துச்சு, ஆச்சி அதுக்கு முந்தின வருசம்தான் தவறியிருந்தாங்க. அவன் ஒரு வார்த்த என்னைய சொல்லல. அன்னைல இருந்து யாரு மெஷின தொட்டாலும், பேக்கப் எடுத்தத கண்ணால பாத்த பெறகுதான் தொடுதேன்.

டி டிரைவ்ல காப்பி பண்ணி வச்சா அது பேக்கப் இல்ல. சி, டி, இ எல்லாம் ஒரே டிஸ்க்குக்குள்ள கோடு போட்டு பிரிச்சதுதான், டிஸ்க் போச்சுன்னா மூணும் சேந்து போகும். எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்லயோ பெரிய பென்டிரைவ்லயோ எடுங்க, எடுத்தத இன்னொரு மெஷின்ல சொருகி ரெண்டு மூணு ஃபைல் தெறந்து பாருங்க. முடிஞ்சா அத வேற வீட்டுல வைங்க. 2023 டிசம்பர் 17, 18-ல தாமிரபரணி ஊருக்குள்ள வந்தப்போ ஜங்ஷன், வண்ணார்பேட்டை பக்கம் கீழ் வீட்டுல இருந்தவங்களுக்கு சிபியுவும் நனைஞ்சு, அது பக்கத்து அலமாரில இருந்த பேக்கப் டிஸ்க்கும் சேந்தே நனைஞ்சுது.

டேலி வச்சிருக்கவங்க அதுக்குள்ளயே இருக்க பேக்கப் ஆப்ஷன்ல தனியா ஒரு காப்பி எடுத்துக்கிடுங்க. பிரவுசர்ல சேத்து வச்ச பாஸ்வேர்டு, டெஸ்க்டாப்ல போட்டு வச்ச ஃபைலு, இது ரெண்டையும்தான் எல்லாரும் மறக்காங்க.

விண்டோஸ்ல பூட்டு எடுக்குதது

டிஸ்க்ல இருக்கத வேற ஆளு வாசிக்க முடியாம பூட்டி வைக்குத பிட்லாக்கர் இருக்கான்னு பாருங்க. செட்டிங்ஸ்ல 'டிவைஸ் என்கிரிப்ஷன்'னு தேடுனா தெரியும். புது விண்டோஸ் 11 மெஷின்ல மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் போட்டு நொழஞ்சாலே நமக்கு தெரியாம இது ஆன் ஆகியிருக்கும். இது ஆன்ல இருக்கும்போது பயோஸ்ல எதையாவது மாத்துனா அடுத்த தடவ ஆன் பண்ணையில நீலக்கலர் ஸ்கிரீன் வந்து 48 இலக்க ரிக்கவரி கீய கேட்டுட்டு நிக்கும். ஒண்ணு அந்த கீய உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் பக்கத்துல இருந்து எடுத்து தாள்ல எழுதி வைங்க, இல்லன்னா என்கிரிப்ஷன ஆஃப் பண்ணிருங்க. ஆஃப் பண்ணுனா முழுசா டீகிரிப்ட் ஆகி முடிக்க ரொம்ப நேரம் ஆகும், பாதில மெஷின மூடிராதீங்க. என்னையக் கேட்டா ரெண்டையும் செய்யுங்க.

அடுத்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், 'சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ', அதுல மேல இருக்க 'சேஞ்ச் செட்டிங்ஸ்' லிங்க அமுக்குனா கீழ மங்கலா இருக்கது தெளியும், 'டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' டிக்க எடுத்துட்டு சேவ் பண்ணுங்க. இது எதுக்குன்னா ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆன்ல இருந்தா ஷட்டவுன் குடுத்தாலும் விண்டோஸ் முழுசா தூங்கப் போகாது, அரைத்தூக்கத்துல டிஸ்க்க கைல புடிச்சுக்கிட்டே இருக்கும். அந்த நெலமைல லினக்ஸ்ல இருந்து அந்த டிரைவ தெறந்தா படிக்க மட்டும்தான் விடும், எழுத விடாது, அத மீறி எழுதுனா ஃபைலு கெட்டுப்போகும்.

எடம் ஒதுக்குதது

டிஸ்க் மேனேஜ்மென்ட்ல சி மேலயோ டி மேலயோ ரைட் கிளிக் பண்ணி 'ஷ்ரிங்க் வால்யூம்' குடுங்க. எந்த டிரைவ்ல எடம் சும்மா கெடக்கோ அதுல எடுக்கலாம். கணக்கு எம்பில கேக்கும், 60 ஜிபின்னா 61440, 100 ஜிபின்னா 102400. மின்ட்டுக்கு 20 ஜிபி இருந்தாலே ஏறிரும், 100 ஜிபி இருந்தா நல்லதுன்னு மின்ட்காரங்களே சொல்லுதாங்க, எங்கிட்ட வாரவங்களுக்கு நான் 60-க்கு கொறயாம ஒதுக்குதேன். எடம் ஒதுக்குனதும் கறுப்புக் கோடு போட்டு 'அன்அலொகேட்டட்'னு காட்டும். அத அப்படியே விட்டுருங்க. நெறைய பேரு சும்மா இருக்கேன்னு அதுல புது வால்யூம் போட்டு எஃப்-னு பேரு வச்சு ஃபார்மட் பண்ணிட்டு வாராங்க, வேண்டாம், வெறும் மனையாவே கெடக்கட்டும், வீடு கட்டுதது லினக்ஸோட வேல.

சில பேருக்கு 200 ஜிபி காலியா இருந்தாலும் 8 ஜிபிதான் சுருக்க முடியும்னு காட்டும். பேஜ் ஃபைல், ஹைபர்னேஷன் ஃபைல், சிஸ்டம் ரீஸ்டோர் இது மூணும் நகராத ஃபைலு, டிஸ்க் நடுவுல உக்காந்துருக்கும். மூணையும் தற்காலிகமா ஆஃப் பண்ணி ஒரு ரீஸ்டார்ட் குடுத்துட்டு திரும்ப சுருக்கிப் பாருங்க, பெரும்பாலும் வழி விட்டுரும். வேல முடிஞ்சதும் பேஜ் ஃபைலயும் சிஸ்டம் ரீஸ்டோரையும் திரும்ப ஆன் பண்ண மறக்காதீங்க.

பென்டிரைவ்

8 ஜிபி பென்டிரைவ் ஒண்ணு போதும், அதுல இருக்கது எல்லாம் அழியும். மின்ட்டோட சொந்த சைட்ல இருந்து மட்டும், மின்ட் முழுசும் அடங்குன ஐஎஸ்ஓ ஃபைல எறக்குங்க, 3 ஜிபிக்கு பக்கத்துல வரும். யாரோ வாட்ஸ்அப் குரூப்புல போட்ட டிரைவ் லிங்க்ல இருந்து எறக்காதீங்க. எறக்குனதும் அந்த சைட்லயே குடுத்திருக்க எஸ்எச்ஏ256 எண்ணோட உங்க ஃபைலோட எண்ண ஒத்துப்பாக்கணும், விண்டோஸ் பவர்ஷெல்ல 'கெட் ஃபைல்ஹேஷ்' கமாண்டு அத கணக்குப்போட்டு சொல்லும். நெட் விட்டு விட்டு வார எடத்துல ஃபைலு அரைகுறையா எறங்கியிருக்கும், அத வச்சு இன்ஸ்டால் பண்ணா பாதில எரர் அடிச்சு நிக்கும், அதுக்குத்தான் இந்த ஒத்துப்பாக்குதது.

அப்புறம் ஐஎஸ்ஓவ பென்டிரைவ்ல எழுதுத ரூஃபஸ் சாஃப்ட்வேர். பென்டிரைவ தேர்ந்தெடுத்து, ஐஎஸ்ஓவ காட்டி, பார்ட்டிஷன் ஸ்கீம் எடத்துல உங்க தாள்ல எழுதுனபடி ஜிபிடியோ எம்பிஆரோ வச்சு ஸ்டார்ட் குடுங்க. எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் சொருகியிருந்தா மொதல்ல அத கழட்டிருங்க, பேக்கப் டிஸ்க்கையே தேர்ந்தெடுத்துட்டா அப்புறம் அழுது பிரயோஜனம் இல்ல.

பென்டிரைவ்ல இருந்து பூட் பண்ணுதது

மெஷின முழுசா ஷட்டவுன் பண்ணிட்டு ஆன் பண்ண ஒடனே கீய தட்டிக்கிட்டே இருங்க. டெல், லெனோவாவுக்கு எஃப்12, எச்பிக்கு எஃப்9, ஏசஸ் லேப்டாப்புக்கு எஸ்கேப். ஏசர்ல எஃப்12-தான், ஆனா மொதல்ல எஃப்2 அமுக்கி பயோஸ்குள்ள போய் 'எஃப்12 பூட் மெனு'வ எனேபிள் பண்ணாத்தான் வரும். யுஇஎஃப்ஐ மெஷின்னா லிஸ்ட்ல யுஇஎஃப்ஐன்னு ஆரம்பிக்க பென்டிரைவ் பேர எடுங்க. டிஜிட்டல் கையெழுத்து இல்லாத சிஸ்டம் ஏறாம தடுக்குத செக்யூர் பூட்ட ஆஃப் பண்ணணும்னு பழைய வீடியோல எல்லாம் சொல்லுதாங்க, மின்ட்டுக்கும் உபுண்டுக்கும் அது ஆன்ல இருந்தாலே ஏறும், முடியாதபட்சத்துல மட்டும் ஆஃப் பண்ணுங்க.

பென்டிரைவ்ல இருந்தே மின்ட் டெஸ்க்டாப் வந்து நிக்கும். இன்னும் உங்க டிஸ்க்க அது தொடல. இங்கன ஒரு பத்து நிமிசம் செலவழிங்க, வைஃபை புடிக்கா, சத்தம் வருதா, டச்பேடு, வெளிச்சம் கூட்டிக் கொறைக்க பட்டன், கேமரா எல்லாம் ஒவ்வொண்ணா பாருங்க. சில பிராட்காம், ரியல்டெக் வைஃபை ஒடனே புடிக்காது, பயப்படாதீங்க, உங்க போன யுஎஸ்பி கேபிள்ல சொருகி 'யுஎஸ்பி டெதரிங்' ஆன் பண்ணா நெட் வந்துரும், இன்ஸ்டால் முடிஞ்சதும் 'டிரைவர் மேனேஜர்' தெறந்து அந்த டிரைவர போட்டுக்கலாம்.

இன்ஸ்டால்

லேப்டாப்னா சார்ஜர சொருகுங்க. டெஸ்க்டாப்னா இன்வெர்ட்டரோ யுபிஎஸ்ஸோ இல்லாம, ஐப்பசி மழை இடிச்சுட்டு நிக்கையில ஆரம்பிக்காதீங்க, பார்ட்டிஷன் எழுதும்போது கரண்டு போறதுதான் இதுல இருக்க பெரிய ஆபத்து.

டெஸ்க்டாப்ல இருக்க 'இன்ஸ்டால் லினக்ஸ் மின்ட்' ஐகான தெறங்க. மொழி, கீபோர்டு கேட்டதும் 'மல்டிமீடியா கோடெக்ஸ்' டிக் போட்டுக்கிடுங்க, பாட்டு படம் ஓட அது வேணும். செக்யூர் பூட் ஆன்ல இருந்தா இங்க ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும், அத எழுதி வைங்க, பின்னால ஒரே ஒரு தடவ கேக்கும்.

இப்ப வரும் 'இன்ஸ்டலேஷன் டைப்'. இங்கதான் நான் அன்னைக்கு தவறுனேன். 'விண்டோஸ் பூட் மேனேஜரோட சேத்து இன்ஸ்டால்'ங்கற மாதிரி 'அலாங்சைட்'னு ஒரு வரி வந்தா, நாம ஏற்கனவே காலி எடம் ஒதுக்கிட்டதால அது பெரும்பாலும் அந்த எடத்தையே எடுத்துக்கும். ஆனா நான் 'சம்திங் எல்ஸ்'தான் போவேன், கண்ணுக்கு தெரிஞ்சு செய்யுதது மனசுக்கு நிம்மதி. அதுல 'ஃப்ரீ ஸ்பேஸ்'னு காட்டுத வரிய தொட்டு பிளஸ் பட்டன அமுக்குங்க, முழு அளவையும் குடுங்க, 'எக்ஸ்ட்4' தேர்ந்தெடுங்க, மவுண்ட் பாயிண்ட்ல சாய்வுகோடு ஒண்ணு, அவ்வளவுதான். உங்க ஃபைலுக்கு ஹோம் தனி, ரேம் பத்தாதப்போ உதவுத ஸ்வாப் தனின்னு பிரிக்கச் சொல்லுவாங்க, மொத தடவ போடுதவங்களுக்கு தேவையில்ல, ஸ்வாப்ப மின்ட்டே ஃபைலா வச்சுக்கும். லிஸ்ட்ல இஎஃப்ஐ பார்ட்டிஷன் தெரியும், அத ஃபார்மட் பண்ணுத டிக் விழாம பாத்துக்கிடுங்க, வளவு வாசல இடிச்சா விண்டோஸ்காரனும் உள்ள போக முடியாது. கீழ பூட் லோடர் எடத்துல விண்டோஸ் இருக்க அதே டிஸ்க்க வைங்க, பென்டிரைவ் பேரு வந்திருந்தா மாத்துங்க.

இங்க டிஸ்க்கே காட்டலன்னா பயோஸ்ல டிஸ்க்க கையாளுத இன்டெல் ஆர்எஸ்டியோ விஎம்டியோ ஆன்ல இருக்கும். அப்ப வெளிய வந்துருங்க. பிட்லாக்கர் ஆஃப்ல இருக்கத உறுதி பண்ணிட்டு, விண்டோஸ்ல 'சிஸ்டம் கான்ஃபிகரேஷன்' தெறந்து சேஃப் பூட் டிக் போட்டு ரீஸ்டார்ட் குடுத்து, ஒடனே பயோஸ்குள்ள போய் சாதாரண முறையான ஏஎச்சிஐக்கு மாத்துங்க, இல்ல விஎம்டிய ஆஃப் பண்ணுங்க. விண்டோஸ் சேஃப் மோட்ல ஒரு தடவ வந்ததும் அந்த டிக்க எடுத்துருங்க. நேரடியா பயோஸ்ல மட்டும் மாத்துனா விண்டோஸ் ஏறாம நிக்கும்.

'இன்ஸ்டால் நவ்' அமுக்குனதும் என்னென்ன மாத்தப் போறேன்னு ஒரு சின்ன லிஸ்ட் காட்டி கேக்கும். அத வரி வரியா வாசிங்க. புதுசா போட்ட எக்ஸ்ட்4 மட்டும்தான் அங்க இருக்கணும். விண்டோஸ் டிரைவோட என்டிஎஃப்எஸ் பேரோ இஎஃப்ஐய ஃபார்மட் பண்ணப் போறேன்னோ வந்திருந்தா 'கோ பேக்'. இது வரைக்கும் டிஸ்க்ல ஒண்ணும் மாறியிருக்காது, திரும்பி வாரதுல ஒரு வெக்கமும் இல்ல.

அப்புறம் டைம் சோன்ல கொல்கத்தா, பேரு, பாஸ்வேர்டு. 20 நிமிசத்துல முடிஞ்சு ரீஸ்டார்ட் கேக்கும், சொல்லும்போது பென்டிரைவ உருவிருங்க. செக்யூர் பூட் பாஸ்வேர்டு வச்சவங்களுக்கு இப்ப நீலத்துல ஒரு ஸ்கிரீன் வரும், 'என்ரோல் எம்ஓகே' எடுத்து அந்த பாஸ்வேர்ட அடிங்க, கண்டினியூவ அமுக்கி தாண்டிப் போயிட்டா வைஃபை, கிராபிக்ஸ் டிரைவர் வேல செய்யாம போகும்.

மொத தடவ ஆன் பண்ணுததும் அதுக்கு அப்புறமும்

க்ரப் மெனுல மின்ட்டும் விண்டோஸ் பூட் மேனேஜரும் ரெண்டும் தெரியணும். ரெண்டையும் ஒரு தடவ தெறந்து பாத்துருங்க. மெனுவே வராம நேரா விண்டோஸ் வந்துச்சுன்னா பயோஸ்ல பூட் ஆர்டர் பாருங்க, அங்க மின்ட்னு தேடாதீங்க, 'உபுண்டு'ன்னுதான் பேரு இருக்கும், அத மேல ஏத்துங்க. பெரிய விண்டோஸ் அப்டேட் வந்த பெறகும் சில மெஷின்ல இப்படி ஆகும், அதுக்கும் இதே வைத்தியம்தான். மெனுல விண்டோஸ் மட்டும் காணலன்னா மின்ட்ட தெறந்து டெர்மினல்ல 'அப்டேட் க்ரப்' ஓட்டுனா தேடி சேத்துக்கும்.

அடுத்த நாள் எல்லாரும் எனக்கு போன் போடுதது ஒரே விசயத்துக்குத்தான்: "அண்ணே, விண்டோஸ்ல மணி தப்பா காட்டுது." சரியா அஞ்சரை மணி நேரம் பின்னால காட்டும். மதர்போர்டு கடிகாரத்துல லினக்ஸ் உலகப் பொது நேரத்த எழுதும், விண்டோஸ் அத நம்ம நேரம்னு நெனச்சு வாசிக்கும், நமக்கும் அதுக்கும் வித்தியாசம் அஞ்சரை மணி. லினக்ஸ் டெர்மினல்ல 'டைம்டேட்சிடிஎல்' கமாண்டுக்கு 'செட் லோக்கல் ஆர்டிசி' ஆப்ஷன 1-ன்னு வச்சுட்டு, விண்டோஸ்ல 'சிங்க் நவ்' ஒரு தடவ அமுக்குனா சரியாயிரும்.

தமிழ் அடிக்க கீபோர்டு செட்டிங்ஸ்ல லேஅவுட் சேக்குத எடத்துல 'தமிழ்நெட் 99' இருக்கு, 1999 சென்னை மாநாட்டுல வந்த அதே தமிழ்99 விசைப்பலகைதான், தனியா எதுவும் எறக்க வேண்டாம். அப்புறம் 'டைம்ஷிஃப்ட்' தெறந்து ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைங்க, பின்னால அப்டேட்ல எதாவது கொளறுபடி ஆனா பழைய நெலமைக்கு போயிரலாம். அது சிஸ்டம் ஃபைலுக்குத்தான், உங்க போட்டோ, கணக்குக்கு எக்ஸ்டர்னல் டிஸ்க் பேக்கப் வழக்கம்போல தனியா ஓடணும். விண்டோஸ் டிரைவ்ல இருக்க ஃபைல மின்ட்ல இருந்தே தெறக்கலாம், இந்தப் பக்கத்துல உள்ளத விண்டோஸ்ல இருந்து அப்படி சுளுவா பாக்க முடியாது, அதனால ரெண்டுக்கும் பொதுவான ஃபைல விண்டோஸோட டி டிரைவ்ல வைங்க.

ஒத்துவரல, எடுக்கணும்னு நெனைக்கவங்களுக்கும் சொல்லிருதேன். மொதல்ல பயோஸ்ல 'விண்டோஸ் பூட் மேனேஜர' மேல கொண்டு வந்து, க்ரப் இல்லாம விண்டோஸ் தானா ஏறுதான்னு பாருங்க. ஏறுன பெறகுதான் டிஸ்க் மேனேஜ்மென்ட்ல லினக்ஸ் பார்ட்டிஷன அழிச்சு, 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' குடுத்து எடத்த பக்கத்து டிரைவோட சேக்கணும். லெகசி மெஷின்ல மட்டும் இந்த வரிசை பத்தாது, அங்க விண்டோஸ் இன்ஸ்டால் பென்டிரைவ்ல பூட் பண்ணி, ரிப்பேர்ல கமாண்ட் பிராம்ப்ட் தெறந்து, 'பூட்ரெக்' கமாண்ட 'ஃபிக்ஸ்எம்பிஆர்' ஆப்ஷனோட ஓட்டி பழைய பூட் ரெக்கார்ட திரும்ப எழுதிட்டு அப்புறம்தான் பார்ட்டிஷன்ல கை வைக்கணும்.